கொல்லைக் குளத்தின் அடிச்சேறு: வழித்து எடுப்பதா, அப்படியே விடுவதா?

அல்லிக்கொடி, ராமமூர்த்தி நகர் | பிப்ரவரி 9

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் குளம் வைத்திருக்கிறோம். சிமென்ட் குளம். எட்டடிக்கு ஆறடி, ஆழம் இரண்டடி. பாதி தரைக்கு மேலே, பாதி கீழே. கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு அல்லித் தொட்டி, ஓரத்தில் வசம்பு, ஒன்பது தங்கமீன், எண்ண முடியாத அளவு கப்பி. பக்கத்து வீட்டுப் புங்கமரம் பாதிக் குளத்துக்கு நிழல் தருகிறது. இலையையும் அதுதான் தருகிறது.

போன வாரம் ஒரு அல்லித் தொட்டியை நகர்த்தினேன். அடியிலிருந்து கறுப்பாகக் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம். அன்று மாலை வரை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பயந்துபோனேன். மறுநாள் ஒரு குச்சியை விட்டு அளந்தேன். நான்கு அங்குலம் சேறு.

மாமியார் சிவகங்கைப் பக்கம். "தூர் எடுக்காத ஊருணித் தண்ணி யாருக்கு ஆகும்? முழுசா இறைச்சுச் சுரண்டிக் கழுவிட்டுப் புதுத் தண்ணி விடு" என்கிறார். கணவர், "ஒன்பது வருடம் மீன் நன்றாகத்தானே இருக்கிறது, தொடாதே" என்கிறார். எனக்கு இரண்டுமே சரி போலவும் இருக்கிறது, இரண்டுமே தப்பு போலவும் இருக்கிறது. வீட்டில் காவிரிக் குழாய் இணைப்பும் உண்டு, போர்வெல்லும் உண்டு. யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

கோய்மீன், ஒயிட்ஃபீல்டு | பிப்ரவரி 9

எடுத்துவிடுங்கள் மேடம். யோசிக்கவே வேண்டாம். என்னிடம் கோய் என்கிற அலங்காரக் கெண்டை மீனுக்கு 12,000 லிட்டர் குளம் இருக்கிறது. அடியில் வடிகுழாய் வைத்துக் கட்டியது. ஞாயிறுதோறும் வால்வைத் திறந்து அடி அழுக்கை வெளியேற்றுவேன். என் குளத்தின் அடியில் விரலால் தடவினால் சேறு ஒட்டாது. சேறு இருந்தால் மீன் உடம்பில் புண் வரும், ஒட்டுண்ணிப் புழு வரும். அடியில் மண்ணே கூடாது என்பது என் கட்சி.

மாடித்தோட்டம், ஜாலஹள்ளி | பிப்ரவரி 10

அக்கா, தயவுசெய்து ஒரே நாளில் முழுசாகக் கழுவிவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்னால் என்னிடமும் இதே அளவு சிமென்ட் குளம் இருந்தது. சம்ப், டேங்க் கழுவுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டேன். மீனையெல்லாம் பக்கெட்டில் எடுத்து வைத்தோம். அவர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பிப் பிரஷால் தேய்த்தார்கள். கூழாங்கல்லைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். குளம் கண்ணாடி மாதிரி ஆனது. மாலையிலேயே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விட்டோம்.

அன்று இரவே நான்கு மீன் போய்விட்டது. மீதிப் பத்தும் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் என்று புரியவே இல்லை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நான்கைக் கொன்றது குளோரின். மற்றவற்றைக் கொன்றது அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் சுவரிலும் வேரிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அதைத்தான் நாங்கள் அழுக்கு என்று தேய்த்து எடுத்திருக்கிறோம். அது மறுபடி வளரப் பல வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்த வேண்டும்.

அந்தப் பதினான்கு மீனையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தட்டான், பனஸ்வாடி | பிப்ரவரி 10

நான் எதிர்ப்பக்கம். என் குளத்தில் ஆறு வருடமாகச் சேற்றைத் தொட்டதே இல்லை. சேறு என்றால் குப்பை என்று நினைக்காதீர்கள், அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீருக்கு அடியில்தான் வளர்கிறது. கொசுப் புழுவைப் பிடித்துத் தின்கிறது. நத்தை, சிவப்புப் புழு, தலைப்பிரட்டை எல்லாம் அங்கேதான். வழித்து எடுத்தால் அதோடு இவையும் போய்விடும்.

கோய்மீன், ஒயிட்ஃபீல்டு | பிப்ரவரி 10

தட்டான், உங்கள் குளத்தில் மீன் எத்தனை? எவ்வளவு தீனி போடுகிறீர்கள்?

தட்டான், பனஸ்வாடி | பிப்ரவரி 10

வாங்கி விட்ட மீன் எதுவும் இல்லை. தலையில் வெள்ளைப் பொட்டு உள்ள சின்ன நாட்டு மீன் ஏழெட்டு மட்டும். தீனி போடுவதில்லை.

கோய்மீன், ஒயிட்ஃபீல்டு | பிப்ரவரி 10

அதுதான் வித்தியாசம். ஒன்பது தங்கமீனுக்குத் தினமும் தீனி போடுகிற குளத்துக்கு உங்கள் கணக்கு பொருந்தாது.

மீன்தொட்டி, சிவாஜிநகர் | பிப்ரவரி 11

இருபது வருடமாக மீனோடு இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே இரண்டு விதமான சேற்றைப் பற்றி ஒரே பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கை சேற்றை அள்ளிப் பாருங்கள். பழுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்வாசனையோடு இருந்தால் அது நல்ல சேறு. ஆக்சிஜன் படுகிறது, மட்கிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடலாம். கறுப்பாக, களிம்பு மாதிரி, முட்டை நாற்றத்தோடு இருந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. உங்களுக்கு வந்த நாற்றம் அதுதான். அது மீனுக்கு விஷம். அமைதியாக அடியில் கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். தொட்டியை இழுத்ததும் மொத்தமாகக் கிளம்பி, நீரில் இருந்த ஆக்சிஜனையும் தின்றுவிட்டது. மீன் மேலே வந்து தவித்தது அதனால்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 48 சதுர அடிப் பரப்பில் நான்கு அங்குலம் என்றால் 16 கன அடி. ஏறக்குறைய 450 லிட்டர் சேறு. குளத்தின் மொத்தக் கொள்ளளவே 2,700 லிட்டர்தான். ஆறில் ஒரு பங்கு சேறு! இதை அப்படியே விட முடியாது. ஆனால் ஒரே நாளில் எடுக்கவும் கூடாது.

இன்னொன்று. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இதே வெப்பநிலையில் சென்னை நீரில் கரைகிற ஆக்சிஜனைவிட இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். ஏப்ரல் வெயிலில் சேற்றைக் கிளறுவது மீனின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். செய்வதென்றால் மார்ச் பாதிக்குள் செய்துவிடுங்கள். விடியற்காலையில் தொடாதீர்கள், ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. வெயில் ஏறி, செடி வேலை செய்ய ஆரம்பித்த பிறகு பத்து, பதினொரு மணிக்கு இறங்குங்கள்.

அல்சூர்க்காரன் | பிப்ரவரி 11

ஆக்சிஜன் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். 2016 மார்ச்சில் எங்கள் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதுதான் காரணம். கரையில் நடக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனோம். அவ்வளவு பெரிய ஏரிக்கே அந்தக் கதி. 2,700 லிட்டர் எம்மாத்திரம்.

புதுமீன், ஹொரமாவு | பிப்ரவரி 12

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சக்கர் மீன் இரண்டு விட்டால் அடியைச் சுத்தம் செய்துவிடாதா? கடையில் அப்படித்தான் சொன்னார்கள். பாக்டீரியா பவுடர் என்று ஒன்றும் விற்கிறார்கள்.

மீன்தொட்டி, சிவாஜிநகர் | பிப்ரவரி 12

சக்கர் மீன் வேண்டவே வேண்டாம் தம்பி. அது சுவரில் படிந்த பாசியைச் சுரண்டும். மட்கிய இலையையும் கழிவையும் தின்று தீர்க்காது. தானும் கழிவு போடும், ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே நாட்டு மீனின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பவுடரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆக்சிஜன் இல்லாத அடியில் அது சரியாக வேலை செய்யாது. அந்தக் காசுக்கு ஒரு ஏர் பம்பு வாங்குங்கள்.

தட்டான், பனஸ்வாடி | பிப்ரவரி 12

கப்பி பெருகிவிட்டால் அதையும் ஏரியிலோ ராஜகால்வாய் என்கிற மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாதீர்கள். யாருக்காவது கொடுங்கள்.

டெல்டாக்காரன், கே.ஆர்.புரம் | பிப்ரவரி 13

மாமியார் சொன்னதைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் மீன் குளம் வைத்திருக்கிறார். அங்கே குளத்தை முழுசாக வடிப்பது உண்மை. அடி பாளம் பாளமாக வெடிக்கும் வரை வெயிலில் காயப்போடுவார்கள். காற்று உள்ளே போய் மிச்சமுள்ள கழிவு மட்கும். அப்புறம் சுண்ணாம்பு தூவித் தண்ணீர் விடுவார்கள். ஆனால் அது மீனைப் பிடித்து விற்று முடித்த பிறகு! குளத்தில் மீன் இருக்கும்போது யாரும் அடியைத் தொடுவதில்லை.

ஊருணியும் அப்படித்தானே? கோடையில் நீர் தானே வற்றிய பிறகுதான் ஊர் கூடித் தூர் எடுக்கும். 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி ஆரம்பித்தபோதும் அந்தக் கணக்கில்தான் வேலை நடந்தது, கண்மாயில் எடுத்த வண்டல் வயலுக்குப் போனது. அம்மா சொல்வது தப்பில்லை. அவர்கள் ஊர்க் குளம் வருடா வருடம் வற்றும், உங்கள் குளம் வற்றுவதே இல்லை. அந்த வித்தியாசத்தை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

அல்லிக்கொடி, ராமமூர்த்தி நகர் | பிப்ரவரி 13

டெல்டாக்காரன் அண்ணா, உங்கள் பதிவை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "ஆமா, வத்துன பிறகுதான் எடுப்போம். அதுலயும் அடிக்களியைச் சுரண்ட விட மாட்டாங்க. களி போனா தண்ணி நிக்காது. மேல் வண்டல் மட்டுந்தான்." ஊருணியின் அடிக்களிதான் தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிறதாம். எனக்கு இது புதுச் செய்தி. சிமென்ட் குளத்துக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும், "கொஞ்சம் விட்டு வைக்கணும்" என்பதை அவரே சொன்னது பெரிய நிம்மதி.

கைச்சேறு சோதனையும் செய்தேன். ஓரத்தில் வசம்புப் பக்கம் பழுப்பு, நாற்றம் இல்லை. நடுவிலும் அல்லித் தொட்டிகளைச் சுற்றியும் தார் மாதிரிக் கறுப்பு.

மீன்தொட்டி, சிவாஜிநகர் | பிப்ரவரி 14

அப்படியானால் வசம்புப் பக்கத்தைத் தொடாதீர்கள். கறுப்பை மட்டும், மூன்று தவணையாக எடுங்கள். தவணைக்குத் தவணை ஒரு வாரம் இடைவெளி. முந்தின நாளிலிருந்தே ஏர் பம்பு ஓடட்டும், தீனியை நிறுத்துங்கள். வலையால் வாரினால் கலங்கும். ஒரு அங்குல ஹோஸ் வைத்து உறிஞ்சி எடுங்கள், வாயால் இழுக்க வேண்டாம், குழாயைத் தண்ணீரில் முக்கி நிரப்பி விரலால் அடைத்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவையும் 300 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. எந்தக் கல்லையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் குளத்து நீரிலேயே அலசுங்கள்.

காவிரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, குளோரின் போக இரண்டு நாள் வெயிலில் திறந்து வையுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும், சோடியம் தயோசல்பேட்தான் அது. போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, பூவாளியால் மேலிருந்து தெளித்து விடுங்கள்.

கோய்மீன், ஒயிட்ஃபீல்டு | பிப்ரவரி 14

எடுக்கிற சேற்று நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். 2024 மார்ச்சில் தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டபோது, வாராவாரம் நான் வெளியே விட்ட தண்ணீரை நினைத்து மனசு உறுத்தியது. அன்றிலிருந்து என் வடிகுழாய் நீர் முழுவதும் தென்னைக்கும் முருங்கைக்கும் போகிறது. அப்படிக் காய்த்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒன்று. அடியில் மண்ணே கூடாது என்று முதலில் எழுதினேன். பெரிய மீன், நிறையத் தீனி, அல்லி இல்லாத குளத்துக்கு இன்னமும் அதைத்தான் சொல்வேன். அல்லி வைத்த குளத்துக்கு மீன்தொட்டி சொல்வதுதான் சரி.

தட்டான், பனஸ்வாடி | பிப்ரவரி 14

எடுத்த சேற்றைக் குளத்து ஓரத்திலேயே ஒரு இரவு சரிவாகப் போட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் ஜீவன்கள் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும். மறுநாள் செடிக்குப் போடலாம். என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

அல்லிக்கொடி, ராமமூர்த்தி நகர் | மார்ச் 17

மூன்று தவணையும் முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதல் ஞாயிறு நடுப்பகுதி. கொல்லையில் வாழை இருக்கும் பக்கம் தாழ்வு, அதனால் ஹோஸில் தானாகவே இறங்கியது. வாழையடியில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் விட்டோம். தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் போனது, சேறு சாக்கிலேயே தங்கியது. சாக்கை அப்படியே இழுத்துவந்து குளத்தோரம் சாய்த்து வைத்தோம். டார்ச் அடித்து ராத்திரி மாமியாரும் நானும் போய்ப் பார்த்தபோது, ஒரு விரல் நுனி அளவில் ஆறு கால் பூச்சி ஒன்று தண்ணீரை நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டான் குஞ்சுதான். மாமியார் நகரவே இல்லை, அது உள்ளே இறங்கும் வரை நின்று பார்த்தார்.

இரண்டாவது ஞாயிறு அல்லித் தொட்டிகளை வெளியே எடுத்தோம். அங்கேதான் உண்மை தெரிந்தது. தொட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கறுப்புக் கூழ் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் பூ நிறைய வரட்டும் என்று நான்தான் தொட்டியில் தொழு உரமும் இலை மட்கும் அமுக்கி வைத்தேன். தண்ணீருக்குள் அது மட்காமல் அழுகி, குளம் முழுக்கப் பரவியிருக்கிறது. இலையை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதிச் சேறு என் கையாலேயே போனது.

மூன்றாவது ஞாயிறு மிச்சக் கறுப்பு. வசம்புப் பக்கம் இரண்டடி அகலத்துக்குக் கைவைக்கவில்லை. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. இப்போது அடியில் அரை அங்குலம் பழுப்பு வண்டல் இருக்கிறது.

அல்லியை எதில் நடுவது? உரமே வேண்டாமா?

மீன்தொட்டி, சிவாஜிநகர் | மார்ச் 17

வெறும் களிமண் கலந்த தோட்ட மண் போதும். ஓட்டை இல்லாத அகலத் தொட்டி, மேலே ஒரு அங்குலம் கூழாங்கல் போட்டால் மீன் மண்ணைத் தோண்டாது. மீன் கழிவே அல்லிக்கு உரம்.

மாடித்தோட்டம், ஜாலஹள்ளி | மார்ச் 18

ஒன்றுகூடச் சாகவில்லை என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது அக்கா. புங்கமரம் இலை உதிர்க்கும் காலம் இது, குளத்தின் மேல் ஒரு வலை கட்டிவிடுங்கள். துளிர் விட்டதும் கழற்றிவிடலாம். காயும் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புங்கங்காயை நசுக்கிப் போட்டு மீன் பிடிக்கிற வழக்கமே உண்டு.

அல்லிக்கொடி, ராமமூர்த்தி நகர் | ஏப்ரல் 6

ஒரு சந்தேகம். பத்து நாளாகத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. வெள்ளைப் பீங்கான் சாசரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நான்கு விரற்கடையிலேயே மறைந்துவிடுகிறது. முன்பு இதைவிடத் தெளிவாக இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமா? மாமியார் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்கிறார்.

மீன்தொட்டி, சிவாஜிநகர் | ஏப்ரல் 6

மாற்றாதீர்கள். கிளறியதில் அடியில் கிடந்த பாஸ்பேட் மேலே வந்தது. அல்லியும் வேர் பிடிக்காமல் நிற்கிறது, இலை உதிர்ந்ததால் வெயில் நேராக விழுகிறது. பாசிக்கு இவ்வளவும் விருந்து. புதுத் தண்ணீர் விட்டால் அதற்கு இன்னும் தாதுச்சத்துதான் கொடுப்பீர்கள். வேலம்பாசி இரண்டு கொத்து போட்டு வையுங்கள், கொஞ்சம் ஆகாயத்தாமரையும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடட்டும். விடியற்காலையில் மீன் மேலே வந்து தவிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சைத் தண்ணீர் ராத்திரியில் ஆக்சிஜனை இழுக்கும், அதனால் இரவெல்லாம் ஏர் பம்பு ஓடட்டும்.

அல்லிக்கொடி, ராமமூர்த்தி நகர் | ஜூன் 8

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பச்சை ஏப்ரல் கடைசியில் குறைய ஆரம்பித்தது. மே மழைக்குப் பிறகு சாசர் அடியில் உட்கார்ந்தாலும் தெரிகிறது. ஆகாயத்தாமரையை வாரம் ஒரு கூடை அள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது, அது வாழைக்குப் போகிறது. உரமே போடாத அல்லியில் இன்று காலை ஐந்து பூ.

வசம்புத் தண்டுகளில் தட்டான் உரித்துப் போட்ட சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன், பதினொன்று. எல்லாமே நாங்கள் தொடாமல் விட்ட பக்கத்தில்.

மாமியார் கேட்கிறார்: அந்தப் பக்கத்தை அடுத்த ஜனவரியில் எடுக்கலாமா?

தட்டான், பனஸ்வாடி | ஜூன் 8

பதினொன்று! அம்மாவிடம் சொல்லுங்கள், குச்சி விட்டு அளந்து பார்க்கட்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் பாதி மட்டும் எடுக்கலாம். அந்தத் தண்டுகளை வெட்டாமல் விடுங்கள்.